மேடில்லாத தீவில் மேடேறும் லொறி

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகருக்கு வரும் வீதியில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நகரைத் தாண்டிப் பாலத்தையும் தாம்போதியையும் கடந்து தள்ளாடியில் பெருநிலத்தைத் தொட்டாலும் அதே தட்டைதான். இங்கே ஓடும் லொறிக்கு எந்த அளவு ரயர் போட்டால், பின் அச்சில் எந்தப் பல்விகிதம் வைத்தால் டீசல் மிச்சமாகும்? மலையகத்து லொறிக்குத்தான் இழுவை வேண்டும், சமதரைக்கு வேகத்துக்கான விகிதமும் பெரிய ரயரும் போதும் என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தீர்மானிப்பது மே மாதம் தொடங்கிச் செப்ரெம்பர் வரை இந்தக் கரையை விடாமல் அடிக்கும் சோளகக் காற்று.

டீசலைப் பற்றி இங்கே கணக்குப் பார்க்க வேண்டிய தேவையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990இல் போரில் பாலம் போனது, ரயிலும் நின்றது. புதிய பாலம் 2010இலும், தலைமன்னாருக்கு மறுபடி ரயில் 2015 மார்ச்சிலும்தான் வந்தன. மீனும் உப்பும் அரிசியும் சீமெந்தும் லொறியை நம்பியே போய் வருகின்றன. 2022 தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் 460 ரூபாய் ஆனது. அடுத்த மாதம் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தபோது லொறி ஒன்றுக்கு முதலில் ஒதுக்கப்பட்டது வாரத்துக்கு 50 லீற்றர். லீற்றருக்கு ஐந்தாறு கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு அது மன்னாரிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்கு ஒருவழிப் பயணத்துக்கே மட்டுமட்டு. அப்படிப்பட்ட காலத்தில் கிலோமீற்றருக்கு ஏழு மில்லிலீற்றர் என்பதும் அற்பமான அளவு இல்லை. ஏழு என்ற இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட வேண்டும்.

ரயரில் இருந்து தொடங்குவோம். பக்கவாட்டில் 10.00-20 என்று எழுதியிருந்தால் ரயரின் அகலம் ஏறத்தாழ 10 அங்குலம், அது உட்காரும் வளையத்தின் விட்டம் 20 அங்குலம். காற்றடித்த ரயரின் வெளிவிட்டம் சுமார் 1.05 மீற்றர். பாரம் ஏறியதும் அடிப்பக்கம் சப்பளிவதால் ஒரு சுற்றில் சில்லு கடக்கும் தூரம் கணக்குப்படி வருவதைவிடச் சற்றுக் குறையும், 3.2 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்குச் சில்லு சுமார் 310 தடவை சுற்றுகிறது. அதையே 11.00-20 ஆக மாற்றினால் வெளிவிட்டம் மூன்றரை சென்ரிமீற்றர் கூடும், சுற்றுகள் 300 ஆகக் குறையும்.

இனி பின் அச்சு. எஞ்சினிலிருந்து நீளமான ஷாஃப்ட் வழியே வரும் சுழற்சியை, நுனியில் இருக்கும் சிறிய பினியன் பெரிய கிரவுண் சில்லுக்குக் கொடுக்கிறது. கிரவுணில் 41 பல்லும் பினியனில் 7 பல்லும் இருந்தால் விகிதம் 5.86. அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.86 சுற்றுச் சுற்ற வேண்டும். பினியனில் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 41க்கு 6 என்று வைத்தால் விகிதம் 6.83. முதலாவது வேகத்துக்கானது, இரண்டாவது இழுவைக்கானது.

மேல் கியரில் ஷாஃப்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுழலும் லொறி என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர். ஆகவே ஒரு கிலோமீற்றருக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கையே அந்த வேகத்தில் அதன் நிமிடச் சுற்றும் ஆகிவிடுகிறது. 310ஐ 5.86ஆல் பெருக்கினால் சுமார் 1,815. அதையே 6.83ஆல் பெருக்கினால் சுமார் 2,120. பெரிய ரயரையும் 5.86ஐயும் சேர்த்தால் சுமார் 1,755.

ரயரையும் அச்சையும் தனித்தனியாகப் பேசுவது வீண் என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன. கிலோமீற்றருக்கு எத்தனை சுற்று என்பது மட்டுமே எஞ்சினுக்குத் தெரியும். அந்த எண் ரயரால் குறைந்ததா பல்லால் குறைந்ததா என்பது அதற்குத் தெரியாது. இரண்டின் அளவிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரயரை ஓர் அளவு பெரிதாக்கினால் குறைவது 60 சுற்று. பினியனில் ஒரு பல்லை மாற்றினால் மாறுவது 300 சுற்று. ரயர் மாற்றத்தால் மட்டும் பெரிய மிச்சத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஐந்து மடங்கு இடைவெளியைத்தான்.

சுற்று குறைந்தால் டீசல் ஏன் குறைகிறது? எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கே ஒரு விலை உண்டு. பிஸ்டன் வளையங்கள் சுவரோடு உராய்கின்றன, பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் அறுபடுகிறது, எண்ணெய்ப் பம்பும் தண்ணீர்ப் பம்பும் சுற்றுகின்றன, காற்றை உள்ளே இழுத்துப் புகையை வெளியே தள்ள வேண்டும். ஐந்தரை, ஆறு லீற்றர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சினில் இது சுற்றுக்குச் சுமார் 400 யூல். லொறி ஓர் அங்குலம் நகராவிட்டாலும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். கிலோமீற்றருக்கு 300 சுற்றுக் குறைந்தால் மிச்சமாவது 1,20,000 யூல் வேலை. எரியும் டீசலின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவாகவே பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுவதால், அந்த வேலையைச் செய்யத் தேவையான டீசல் ஏறத்தாழ 7 மில்லிலீற்றர். முன்பு சொன்ன ஏழு இதுதான். கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றர் குடிக்கும் லொறியில் அது மூன்றரை வீதம். சுற்று ஏழில் ஒரு பங்கு குறைந்தாலும் டீசல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, ஏனென்றால் டீசலின் பெரும்பகுதி ரயரையும் காற்றையும் வெல்லத்தான் போகிறது.

அந்தப் பெரும்பகுதியைப் பார்ப்போம். உப்பு ஏற்றிய லொறி ஒன்று, மொத்தம் 16 தொன். நல்ல தார் வீதியில் ரேடியல் ரயரில் அதன் உருளல் தடை சுமார் 1,250 நியூற்றன். ரயரின் இறப்பர் தரையில் சப்பளிந்து மறுபடி நிமிரும்போது சூடாகி வீணாகும் சக்தி அது. பழைய நைலோன் ரயரில் இது இன்னும் கூடும், காற்றுக் குறைந்த ரயரிலும் கூடும். காற்றே அசையாத நாளில் 60 கிலோமீற்றர் வேகத்தில் லொறியின் முகத்தில் விழும் காற்றுத் தடை ஏறத்தாழ 1,000 நியூற்றன். மொத்தம் 2,250.

இப்போது சோளகம் எழுகிறது. எதிர்த்து அடிக்கும் காற்று மணிக்கு 25 கிலோமீற்றர் என்று வைப்போம். மன்னாரில் ஜூலை மாதத்தில் அது பெரிய காற்று அல்ல. லொறி 60இல் ஓடுகிறது, ஆனால் காற்று அதன் முகத்தில் 85இல் அடிக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 85ஐ 60ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் விடை 2. ஆயிரம் நியூற்றன் இரண்டாயிரம் ஆகிறது. மேலதிகமாக வந்த ஆயிரத்தைச் சரிவாக மாற்றிப் பார்த்தால், பாரம் ஏற்றிய லொறிக்கு அது ஏறத்தாழ 150 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறும் வீதி. பாரம் இறக்கி 6 தொன்னாகத் திரும்பும் அதே லொறிக்கு 60 மீற்றருக்கு 1 மீற்றர். வெறும் லொறிக்குத்தான் மேடு செங்குத்து! காற்று அதே காற்றுதான், ஆனால் லொறியின் எடை குறைந்துவிட்டதால் அதே தள்ளல் பெரிய சரிவாகிவிடுகிறது. வெறும் லொறி சோளகத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் குடிப்பதற்குக் காரணம் இதுதான்.

போகும்போது எதிர்த்தால் வரும்போது தள்ளிவிடும், கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். நேராகாது. பின்காற்று 25 என்றால் முகத்தில் படுவது 35. தடை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எதிர்ப்பில் கூடியது 1,000 நியூற்றன், பின்தள்ளலில் குறைந்தது 660 மட்டும். போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் கடன்காரனாகவே முடியும். குறுக்குக் காற்றும் இலவசம் அல்ல. தலைமன்னார் வீதியும் மதவாச்சிக்குப் போகும் ஏ-14 வீதியும் தென்கிழக்கு நோக்கி ஓடுகின்றன, சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. அங்கே லொறியின் விலாவில்தான் அடி. பெட்டி அடைத்த லொறியைச் சாய்வாகத் தாக்கும் காற்று பின்பக்கத்தில் பெரிய சுழிகளை உண்டாக்கி இழுவையைக் கூட்டுகிறது. நேரடி எதிர்ப்பை அதிகம் உணர்வது விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் வழியாகப் பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், அதுவும் வடக்கிலிருந்து மன்னாரை நோக்கித் திரும்பும்போது.

தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் தம்பபவனி காற்றாலைகளும் இதே காற்றை நம்பியவை. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாற். அவற்றின் தலையிலும் ஒரு கியர்ப்பெட்டி இருக்கிறது. 126 மீற்றர் விட்டமுள்ள இறக்கைகளின் மெதுவான சுழற்சியை அது மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய வேகத்துக்கு உயர்த்துகிறது. லொறியின் பின் அச்சு செய்வது இதற்கு நேர்மாறு: வேகமான எஞ்சினை மெதுவான சில்லுக்கு இறக்குகிறது. ஒரே பௌதிகம்தான் இரண்டு திசையில் வேலை செய்கிறது. கோபுரம் அறுவடை செய்யும் அதே காற்றுக்கு, அடியில் ஓடும் லொறி டீசலால் வரி கட்டுகிறது.

இனி அந்த 41க்கு 7 விகிதத்துக்கு வருவோம். அமைதியான நாளில் 2,250 நியூற்றனை இழுக்க எஞ்சின் தர வேண்டிய முறுக்குவிசை சுமார் 210 நியூற்றன்-மீற்றர். அதிகபட்சம் 400 தரக்கூடிய எஞ்சினுக்கு அது பாதிச் சுமை, மிக வசதியான இடம். 25 கிலோமீற்றர் எதிர்காற்றில் தேவை 310 ஆகிறது. இன்னும் சமாளிக்கலாம். காற்று 40ஐத் தொட்டால் தேவை 380ஐத் தாண்டிவிடுகிறது, எஞ்சினின் கழுத்து வரை வந்துவிட்டது. அந்த நிலையில் ஒரு வீச்சு கூடுதலாக அடித்தால் லொறி திணறும், சாரதி நாலாம் கியருக்கு இறக்குவார். சைக்கிளில் வாடைக் காற்றை எதிர்த்து மிதிப்பவர் பெரிய பல்லில் எழுந்து நின்று மிதித்துக் களைத்துச் சின்னப் பல்லுக்கு மாறுவது போன்ற நிலைதான் இது.

நாலாம் கியரில் எஞ்சின் ஒன்றரை மடங்கு சுற்றும்: கிலோமீற்றருக்கு 1,815 அல்ல, 2,720. இழுவைக்கான 41க்கு 6 விகிதம் இருந்திருந்தால் அதே காற்றில் அதே எஞ்சினுக்கு 330 போதும். அது மேல் கியரிலேயே 2,120 சுற்றில் போயிருக்கும். ஆகவே வேகத்துக்கான விகிதம் மேல் கியரில் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 7 மில்லிலீற்றர் மிச்சம் பிடிக்கிறது, நாலாம் கியருக்கு இறங்கும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 14 மில்லிலீற்றர் இழக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தூரம் நாலாம் கியரில் ஓடினால் மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். சமதரை, ஆனால் சமதரைக்கான கியர் தோற்கிறது!

இதற்குள் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. 25 கிலோமீற்றர் எதிர்காற்றில் வேகத்தை 60இலிருந்து 50க்குக் குறைத்தால் முகத்தில் படும் காற்று 75. தடை 2,000 நியூற்றனிலிருந்து 1,560 ஆகிறது. டீசலில் அது கிலோமீற்றருக்கு 30 மில்லிலீற்றர் அளவு. பல்லை மாற்றிப் பிடிக்கும் 7 மில்லிலீற்றரைப் போல நாலு மடங்கு, அதுவும் செலவே இல்லாமல். 50இல் 40 கிலோமீற்றர் காற்றை எதிர்த்தாலும் தேவைப்படும் முறுக்குவிசை 330க்கு இறங்கிவிடுவதால், 41க்கு 7 விகிதத்திலும் மேல் கியர் தாங்கும். வேகத்துக்கான விகிதம் என்று பெயர் பெற்றது உண்மையில் மெதுவாகப் போகச் சம்மதிப்பவருக்குத்தான் பலன் தருகிறது.

பெரிய ரயரின் செலவையும் சொல்லிவிட வேண்டும். அதன் எடை கூட. இரட்டைச் சில்லில் இரண்டு ரயருக்கும் இடையே இடம் குறைந்தால் பாரம் ஏறியதும் விலாக்கள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும். இதைவிடப் பரவலான தவறு, இரட்டையில் ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது என்று போடுவது. இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை, ஒரே எண்ணிக்கை சுற்றத்தான் முடியும். ஆனால் சுற்றளவு வேறு. சிறியது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இழுபட்டே ஆக வேண்டும், இறப்பரும் டீசலும் சேர்ந்தே தேயும். கடற்கரையில் மீன் ஏற்ற மணலில் இறங்கும் லொறிக்கு வேறொரு தொல்லை: மணலில் உருளல் தடை தார் வீதியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகும். முதலாம் கியரின் இழுவையைப் பெரிய ரயரும் வேகத்துக்கான கிரவுணும் சேர்ந்து குறைத்துவிட்டிருந்தால், மீன்வாடியடியில் கிளச்சைக் கருக்கித்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

மாற்றிய பிறகு பலன் வந்ததா என்று பார்ப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான லொறிகளில் கிலோமீற்றர் மானி எண்ணுவது சில்லின் சுற்றை அல்ல, கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் ஷாஃப்டின் சுற்றை. 41க்கு 6ஐ எடுத்து 41க்கு 7ஐப் போட்டால், ஷாஃப்ட் அதே எண்ணிக்கை சுற்றும்போது லொறி முன்பைவிட 17 வீதம் கூடுதல் தூரம் போயிருக்கும். மானிக்கு அது தெரியாது. 117 கிலோமீற்றர் ஓடிய லொறி 100 என்று காட்டும். உண்மையில் மூன்றரை வீதம் மிச்சம் பிடித்த லொறி, கொப்பிக் கணக்கில் பத்து வீதத்துக்கும் மேல் நட்டப்பட்டதாகத் தெரியும். முதலாளி சாரதியைச் சந்தேகிப்பார், சாரதி கராஜைச் சந்தேகிப்பார். ரயர் மாற்றத்திலும் இதே கதைதான், சிறிய அளவில். தேய்ந்த ரயருக்கும் புது ரயருக்கும் இடையே பூவின் ஆழம் 12 மில்லிமீற்றர் வேறுபட்டால் சுற்றளவு 2 வீதத்துக்கு மேல் மாறும். புது ரயர் போட்டதும் டீசல் கூடிவிட்டது என்ற பேச்சில் ஒரு பகுதி மானியின் பொய், ஒரு பகுதி உண்மை: தடித்த புதுப் பூ அதிகமாக நெளிவதால் அதன் உருளல் தடை தேய்ந்த ரயரைவிடக் கூடுதல்.

இதற்கு மருந்து ஒரு வெண்கட்டியும் அளவு நாடாவும். பாரம் ஏற்றிய நிலையில் ரயரில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, லொறியைச் சில்லு பத்துச் சுற்றுச் சுற்றும் அளவுக்கு மெதுவாக உருட்டி, தூரத்தை அளந்து பத்தால் வகுத்தால் உண்மையான சுற்றளவு கையில் கிடைக்கும். அச்சின் விகிதம் தெரியாவிட்டால், குறிப்பாக வெளிநாட்டில் ஓடிய லொறியை வாங்கினால், முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்பக்கம் ஒரு சில்லை மட்டும் ஜாக் கொடுத்துத் தூக்க வேண்டும். ஷாஃப்டில் வெண்கட்டியால் ஒரு கோடு. தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டே ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும், அதுதான் விகிதம். ஆறுக்குச் சற்றுக் குறைந்தால் 41க்கு 7, ஏழை நெருங்கினால் 41க்கு 6. ஏன் இரண்டு சுற்று? மற்றச் சில்லு தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷல் அதன் பங்கையும் சேர்த்துத் தூக்கிய சில்லுக்கே கொடுத்துவிடும். கிரவுண் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தச் சில்லு இரண்டு சுற்றும்.

தூரத்துக்கு மானியை விட்டுவிட்டு வீதியோரத்துக் கிலோமீற்றர் கல்லையோ கைத்தொலைபேசியின் வரைபடத்தையோ நம்பலாம். டீசலை இரண்டு தடவையும் ஒரே பம்பில் கழுத்து வரை நிரப்ப வேண்டும். காற்று ஓய்ந்திருக்கும் ஏப்ரலில் ஒரு தடவை, சோளகம் முழு வேகத்தில் அடிக்கும் ஜூலையில் ஒரு தடவை, ஒரே பாரத்தோடு. ஏப்ரல் கணக்கை மட்டும் பார்த்துக் கிரவுணை மாற்றியவர் பாதி ஆண்டுக்குத்தான் மாற்றியிருக்கிறார்.

என் தீர்ப்பைக் கேட்டால், மன்னாரிலிருந்து புறப்படும் எல்லா லொறிக்கும் ஒரே விகிதம் என்பது பிழை. பேலியகொடைக்குப் போகும் மீன் லொறி 300 கிலோமீற்றரில் திறந்த கடற்காற்றில் ஓடுவது முதல் சில பத்துக் கிலோமீற்றர்தான், அதுவும் விலாக்காற்று. மடு வீதியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சோளகத்தின் வேகம் தணிகிறது, மீதி நீண்ட சமவெளி. விடிகாலைச் சந்தைக்கு வேகத்தைக் குறைக்கவும் முடியாது. அதற்கு 41க்கு 7 பொருந்தும். ஆண்டு முழுதும் பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்குப் போய், வெறும் பெட்டியோடு தெற்கு நோக்கிக் காற்றை முகத்தில் வாங்கித் திரும்பும் லொறிக்கு 41க்கு 6ஐயே வைத்துக்கொள்வது நல்லது, அல்லது அதன் சாரதிக்கு மணிக்கு 50இல் வர நேரம் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழிக்குக் கராஜ் செலவு இல்லை. ஏப்ரலிலும் அது வேலை செய்யும்.